தொட்டிக்குப் போகக் கூடாதவை: ஒரு பழைய அம்பாசிடரின் போல்ட்டுகளுக்கு வீட்டில் துத்தநாக முலாம் பூசிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருவில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஏழு ஆண்டுகளாக ஓர் அம்பாசிடர் நின்றிருந்தது. மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. 1980-களின் தொடக்கத்தில் வாங்கியது. உரிமையாளர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் நேரம் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு முழுவதுமாகப் பிரித்துச் சரிசெய்வது என்று இறங்கினார். துணைக்குத் தங்கை மகன், இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். கைவேலைக்கு, அந்தக் குடும்பத்துக்கு நெடுங்காலமாக வண்டி பார்த்துவரும் அறுபது வயது தாண்டிய மெக்கானிக்.

நான் உள்ளே வந்தது பாதியில். போல்ட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால், “ஏதோ உடைஞ்சிருக்கு, ஒரு தடவை வந்து பாருங்க” என்று உரிமையாளர் அழைத்தார். அதற்கு முன் நடந்தவற்றை மாணவரின் நோட்டுப் புத்தகத்தை வைத்தும், மூவரும் சொன்னதை வைத்தும் எழுதுகிறேன். தேதி, ஆம்பியர், நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. தப்பாகச் செய்ததையும் அடித்துவிடாமல் அப்படியே வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வு இல்லை.

பிரித்தபோது கண்டது

கழற்றி எடுத்தவை 212 போல்ட், ஸ்டட் (தலையில்லாத மரைத் தண்டு). அவற்றோடு நட்டுகள், தட்டை வாஷர்கள், ஸ்பிரிங் வாஷர்கள் (முறுக்கியது தளராமல் இருக்கப் போடும், வெட்டுள்ள வளையம்). நிலத்தைப் பார்த்திருந்தவையும் முன் மட்கார்டுக்குள் இருந்தவையும் பழுப்புக் கட்டியாக இருந்தன. இன்ஜினைச் சுற்றியிருந்தவை எண்ணெய் படிந்து தப்பித்திருந்தன. ஒழுகும் இன்ஜினுக்கும் இப்படி ஒரு நன்மை உண்டு.

அம்பாசிடர் பிறந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து. ஆகவே அதில் மில்லிமீட்டர் மரை கிடையாது, பெரும்பாலும் யுஎன்எஃப் எனப்படும் நெருக்கமான இஞ்ச் மரை. அரை இஞ்ச், 9/16, 7/16 ஸ்பேனர்கள் இல்லாமல் வண்டியைத் தொட முடியாது. முன்பு யாரோ பார்த்த வேலையில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 5/16 இஞ்ச் போல்ட்டுக்குப் பதில் 8 மி.மீ. அளவுள்ள எம்8 போல்ட்டை முறுக்கி ஏற்றியிருந்தார்கள். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 7.94 மி.மீ., 8 மி.மீ. மரையின் இடைவெளி வேறு. 5/16 யுஎன்எஃப்பில் இஞ்சுக்கு 24 மரை, அதாவது 1.06 மி.மீ. சாதாரண எம்8-இல் 1.25 மி.மீ. இரண்டு சுற்று கையால் போகும், பிறகு இறுகும், ஸ்பேனர் போட்டால் உள் மரையைத் தின்றுகொண்டு போகும். உரிமையாளர் பழைய போல்ட்டுகளையே காப்பாற்ற நினைத்ததற்கு இதுதான் முதல் காரணம். சரியான நீளத்தில், சரியான மரையில் ஒவ்வொன்றாகத் தேடி ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து பார்த்தார். பாதிதான் கிடைத்தது.

ஏன் வீட்டிலேயே

முலாம் பட்டறைகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. ஆனால் சிறு உருப்படிகளைக் கிலோ கணக்கில், சுழலும் பீப்பாயில் கொட்டித்தான் பூசுவார்கள். விசாரித்த இரண்டு இடங்களிலும் இவ்வளவு குறைவான எடைக்கு ஆர்வம் காட்டவில்லை. வேறொருவருடைய சரக்கோடு கலந்து போட்டுத் தருவதாக ஒருவர் சொன்னார். திரும்பி வரும்போது எந்த போல்ட் எந்த இடத்துடையது என்ற கணக்கு போய்விடும், ஒன்றிரண்டு காணாமலும் போகும். அது நியாயமான பயம்தான். வீட்டில் செய்யும் முடிவில் தவறில்லை. எதையெல்லாம் செய்வது என்று யோசிக்காமல் தொடங்கியதுதான் தவறு. மொத்தத்தையும் ஒரே வாளியில் கொட்டி, “முதல்ல துரு போகட்டும் மாமா, பிறகு பிரிச்சுக்கலாம்” என்று மாணவர் சொன்னது நோட்டில் இல்லை. உரிமையாளர்தான் எனக்கு அதைச் சொன்னார்.

முதல் வாரம்: துரு நீக்கல்

கழிவறை கழுவும் ஆசிட்டை, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, தண்ணீர் கலந்து வாளியில் ஊற்றி, எல்லாவற்றையும் இரவு முழுக்க ஊறவைத்தார்கள். வாளிக்கு மூடி இல்லை. ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது.

காலையில் போல்ட்டுகள் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. பக்கத்து மேசையில் இருந்த வெர்னியர், துரப்பண முனைகள், புதிய ஸ்பேனர் செட் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தன. இந்த அமிலத்தின் ஆவி காற்றில் கலந்து, அகப்பட்ட இரும்பின் மேலெல்லாம் படியும். துரு நீக்கப் போய்த் துருவை விதைத்த கதை. அதோடு, கழுவி எடுத்த போல்ட்டுகள் உலருவதற்குள் திரும்பவும் மஞ்சள் பூசிக்கொண்டன. கடலோரக் காற்றில் அமிலத்திலிருந்து வெளிவந்த இரும்புக்குச் சில நிமிடங்களே அவகாசம்.

மெக்கானிக் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: “ஸ்பிரிங் வாஷரை ஆசிட்ல போடாதீங்க தம்பி. புதுசு வாங்கிப் போட்டுக்கலாம்.” ஏன் என்று மாணவர் கேட்டதற்கு, “எங்க வாத்தியார் போட மாட்டாரு, நானும் போடுறதில்ல” என்பதுதான் பதில். வாஷர் மலிவு என்பதால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். வாஷர்கள் வாளியிலேயே கிடந்தன.

இரண்டாம் வாரம்: வினிகர் கரைசல்

முதல் கரைசல், வீட்டில் முலாம் பூசுபவர்கள் பலரும் தொடங்குகிற அதே வினிகர்தான். கடை வினிகர், லிட்டருக்கு 100 கிராம் எப்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. இதில் தொடக்கத்தில் துத்தநாகமே இல்லை. நேர்மின்முனையாகத் தொங்கவிடும் துத்தநாகத் துண்டு கரைந்துதான் கரைசலுக்குள் வரவேண்டும். ஒரு பழைய இரும்புத் துண்டை எதிர்முனையில் கட்டி மணிக்கணக்கில் மின்சாரம் விட்டார்கள்.

துத்தநாகக் கட்டி காசிமேட்டிலிருந்து வந்தது. விசைப்படகின் அடியில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில், தான் கரைந்து படகின் உலோகத்தைக் காக்கும் கட்டி. எண்ணம் புத்திசாலித்தனமானது. ஆனால் படகுக் கட்டியில் வேண்டுமென்றே சிறிதளவு அலுமினியமும் காட்மியமும் சேர்த்திருப்பார்கள், கடல்நீரில் ஒரே சீராகக் கரைவதற்காக. வீட்டுத் தொட்டியில் காட்மியம் நமக்கு எதற்கு?

மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக. மூன்று மூன்று போல்ட்டாகத் தொங்கவிட்டபோது மல்டிமீட்டர் 4 ஆம்பியருக்கு மேல் காட்டியது. குமிழ்கள் கொதிப்பதுபோல் வந்தன. நன்றாக வேலை நடக்கிறது என்று நோட்டில் குறிப்பு. உண்மையில் குமிழ் என்பது ஹைட்ரஜன். துத்தநாகமாகப் படிய வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு வாயுவாகப் போகிறது என்பதன் அடையாளம். அரை மணியில் எடுத்தபோது கருஞ்சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல, கட்டைவிரலால் தேய்த்தால் உதிரும் படலம். முலாம் பட்டறைக்காரர்கள் இதைத்தான் ‘எரிஞ்சு போச்சு’ என்பார்கள்.

மின்சாரத்தைக் குறைத்த பிறகு படலம் பிடித்தது. ஆனால் திட்டுத்திட்டாக. காரணம் எண்ணெய். அமிலம் துருவைத் தின்னும், கிரீஸைத் தின்னாது. சலவை சோடாக் கரைசலில் கொதிக்கவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் முக்கி எடுக்கும்போது தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்காமல் போர்வைபோல் படர்ந்து நிற்கவேண்டும். இந்தச் சோதனைக்குப் பொருள் செலவு எதுவும் இல்லை. அதைச் செய்யாமல் விட்டதால் நான்கு நாள் வேலை வீணானது.

இந்தக் கரைசலில் ஏறத்தாழ அறுபது போல்ட்டுகளும், இருந்த ஸ்பிரிங் வாஷர்கள் அனைத்தும் பூசப்பட்டன. பளபளப்பு இல்லாவிட்டாலும் வெள்ளையாக, பார்வைக்கு நன்றாக இருந்தனவாம். பேட்டரி தட்டு, ரேடியேட்டர் தாங்கி, மட்கார்டு, கியர்பாக்ஸ் மூடி ஆகிய இடங்களில் மாட்டி முறுக்கினார்கள்.

உடைந்தவை

மூன்றாம் நாள் காலை, மட்கார்டுக்குக் கீழே தரையில் வெள்ளையாகப் பூசிய ஓர் அரைவட்டத் துண்டு கிடந்தது. மேலே பார்த்தால் போல்ட் கையால் சுழன்றது. தேடியதில் பதினொரு ஸ்பிரிங் வாஷர்கள் இரண்டு துண்டாகியிருந்தன. வண்டி நகரவே இல்லை. யாரும் அதற்குப் பிறகு முறுக்கவும் இல்லை. முறுக்கியபோது நன்றாக இருந்தவை, சும்மா இருந்தபோது உடைந்தன. என்னை அழைத்தது அப்போதுதான்.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது பார்த்தவுடன் தெரிகிற நோய்: ஹைட்ரஜன் ஏறி எஃகு நொறுங்குவது. அமிலத்தில் ஊறும்போதும், முலாம் பூசும்போதும் இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்களாகப் பிறக்கிறது. பெரும்பகுதி குமிழாகப் போய்விடும், ஒரு சிறுபகுதி எஃகுக்குள் நுழையும். சாதாரண, மென்மையான போல்ட்டில் அதனால் பெரிய தீங்கில்லை. கடினப்படுத்திய எஃகில், தொடர்ந்து இழுவிசை இருக்கும் இடத்தை நோக்கி அந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து சேர்ந்து, சில மணியிலிருந்து சில நாளுக்குள் விரிசலாக வெளிப்படும். மேலே பூசிய துத்தநாகம் அது வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்: ராக்வெல் சி அளவில் 40-க்கு மேல் கடினம், மாட்டிய நொடியிலிருந்து விசையில், அதற்கு மேல் இரவு முழுக்க அமிலம், பிறகு குமிழ் கொதிக்கும் தொட்டி.

உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். வளைந்து நீண்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. சர்க்கரைக் கட்டியை ஒடித்ததுபோல் மணிமணியாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வாஷர் ஒன்றுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மெக்கானிக்கிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. “வாத்தியார் சும்மா சொல்லியிருக்க மாட்டாரு” என்றார்.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மாட்டிய அனைத்தையும் கழற்றுவது. உடையாத வாஷர்களையும் சேர்த்து எல்லா ஸ்பிரிங் வாஷர்களையும் குப்பையில் போட்டோம். அடுப்பில் சுட்டால் ஹைட்ரஜன் போய்விடாதா என்று மாணவர் கேட்டார். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி வரை சூட்டில் பல மணி நேரம் வைப்பது தொழிலில் இருக்கும் வழக்கம். அது விரிசல் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டியது. இவை பூசி ஐந்து நாள் ஆகியிருந்தன, மூன்று நாள் விசையிலும் இருந்தன. உள்ளே விரிசல் விழுந்ததைச் சூடு ஒட்டவைக்காது.

இரண்டாவது, பிரிப்பது. இது முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. மூன்று பெயின்ட் டப்பாக்கள் வைத்தோம். போல்ட் தலையில் உள்ள கோடுகள் கூடினால் எஃகும் கடினமானது என்று பொருள். தலையில் அடையாளம் இல்லாதவையும், மூன்று ஆரக்கோடு இருப்பவையும் ஒரு டப்பா: இவை பூசலாம். ஆறு கோடு இருப்பவை, அடையாளம் புரியாத எழுத்து இருப்பவை இரண்டாவது: பூசுவதில்லை, வயர் பிரஷ் போட்டு எண்ணெய் தடவி மாட்டலாம், துரு அரித்திருந்தால் புதிது. மில்லிமீட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு, போல்ட் தலையில் உள்ள வலிமை எண்ணில், 8.8 வரை சரி, 10.9-இல் எச்சரிக்கை, 12.9 கூடவே கூடாது என்று வரும். மூன்றாவது டப்பாவில், அடையாளம் எதுவாக இருந்தாலும் தொட்டிக்குப் போகக் கூடாதவை: சக்கர ஸ்டட்டுகள், பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், முன்பக்க டார்ஷன் பார் தாங்கிகளின் போல்ட்டுகள், பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் யு போல்ட்டுகள், இன்ஜின் ஹெட் ஸ்டட்டுகள், ஸ்பிரிங், சர்க்கிளிப் வகையறா. உயிர் தொங்கும் இடத்தில் வீட்டு முலாம் வேண்டாம் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. உரிமையாளர் சக்கர நட்டுகளுக்காவது பூசலாமா என்று இரண்டு முறை கேட்டார். அழகுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்றேன்.

212-இல் முதல் டப்பாவுக்கு வந்தவை 137.

மூன்றாவது முடிவு, துரு நீக்குவதில் ஆசிட் வாளியைக் கைவிடுவது. கனமான துருவை பெஞ்ச் கிரைண்டரில் மாட்டிய வயர் சக்கரத்தால் எடுத்துவிட்டு, மீதத்துக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 80 கிராம். புளி போட்டு வெண்கலம் தேய்த்தவர்களுக்கு இந்த வேலையின் இயல்பு தெரியும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் மூச்சை அடைக்காது, பக்கத்து ஸ்பேனரைத் துரு ஏற்றாது. ஆசிட் இனி பூசுவதற்கு முந்தைய அரை நிமிட முக்கலுக்கு மட்டும், அதுவும் வெளி முற்றத்தில், மூடியுள்ள பாட்டிலில்.

புதிய தொட்டி

வினிகரைத் தொடர விருப்பமில்லை. அதில் நல்ல வேலை செய்தவர்கள் உண்டு. ஆனால் துத்தநாகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஊகத்தில் ஓட்டவேண்டும். பழைய கையேடுகளில் வரும் சல்பேட் கரைசலைத் தேர்ந்தோம். லிட்டருக்கு துத்தநாக சல்பேட் 240 கிராம், நவச்சாரம் 15 கிராம், அலுமினியம் சல்பேட் 30 கிராம், அதிமதுரம் 1 கிராம். நவச்சாரம், வீதியில் ஈயம் பூச வருபவர் பாத்திரத்தில் தூவித் தேய்ப்பாரே, அதுதான். அதிமதுரம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். படியும் துத்தநாகத்தின் மணிகளை அது நுண்மையாக்கும். தொண்டைக்கு வாங்கிய மூலிகை முலாம் தொட்டிக்கும் உதவுவது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

மாணவர் செலவைக் குறைக்க உரக்கடையில் துத்தநாக சல்பேட் வாங்கி வந்திருந்தார். நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ போடச் சொல்லும் அதே பொருள். கரைத்தபோது கலங்கல், அடியில் பழுப்பு வண்டல். வடிகட்டியும் முதல் சோதனை போல்ட் கருங்கோடுகளோடு வந்தது. பயிருக்கு ஒன்றும் செய்யாத அளவு கலப்படம் முலாமுக்குப் போதும். அதை ஒதுக்கிவிட்டு ரசாயனக் கடையில் சுத்தமான தரத்தில் வாங்கினோம். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர். துத்தநாகத் தகடு, பட்டறைக்காரர் ஒருவரிடமிருந்து. தகட்டுக்குப் பழைய வேட்டித் துணியில் உறை தைத்து மாட்டினார் உரிமையாளர். கரையும்போது உதிரும் கரிய தூள் போல்ட்டில் ஒட்டாமல் இருக்க இது அவசியம். தகடுகளை இரண்டு பக்கமும், நடுவில் போல்ட்டுகள்.

பேட்டரிக்குப் பதில், மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் மேசை மின்வழங்கி. எவ்வளவு ஆம்பியர் என்பதைப் பரப்பளவு சொல்லும். ஓர் இஞ்ச் நீள 5/16 போல்ட்டுக்கு, தலையும் மரையும் சேர்த்து, சுமார் 15 சதுர செ.மீ. பத்து போல்ட்டுக்கு 150. நூறு சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் என்று வைத்து, 1.5 ஆம்பியர், 30 நிமிடம். ஓர் ஆம்பியர் மணிக்கு 1.22 கிராம் துத்தநாகம் படியும் என்பது ஃபாரடே விதி. இந்தக் கணக்கில் பத்து போல்ட்டுக்கு 0.9 கிராம், தடிமன் 8 மைக்ரானுக்குச் சற்று மேல். மாணவர் நகைத் தராசில் பூசுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தார். 0.83 கிராம் ஏறியிருந்தது. வீட்டுத் தொட்டிக்கு அது நல்ல மதிப்பெண்.

ஏன் 8 மைக்ரானோடு நிறுத்தவேண்டும்? 60 டிகிரி மரையில் படலம் பக்கங்களில் படிவதால், மரையின் நடு விட்டம் தடிமனைப்போல் நான்கு மடங்கு பெருக்கும். 8 மைக்ரான் என்றால் 32. புதிய 5/16 போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே விட்டிருக்கும் இடம், குறைந்தபட்சக் கணக்கில், ஏறத்தாழ அவ்வளவுதான். துரு தின்ற பழைய போல்ட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றிலும் புது நட்டைக் கையால் ஓட்டிப் பார்த்தே டப்பாவில் போட்டோம்.

அது மே மாதம். மதியத்தில் கரைசலின் வெப்பம் 36 டிகிரியைத் தொட்டது, படலம் சொரசொரத்தது. அதன்பின் வேலை காலை ஆறு மணிக்கு.

பூசியபின்

கடலோரத்தில் வெறும் துத்தநாகம் சில வாரங்களில் வெள்ளைத் தூள் பூக்கும். அதன்மேல் ஒரு குரோமேட் காப்பு வேண்டும். பழைய வண்டிகளில் தெரியும் வானவில் மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் குரோமியத்தால் வருவது. உரிமையாளருக்கு அந்த மஞ்சள்தான் வேண்டும். அப்பாவின் வண்டியில் சில இடங்களில் அப்படித்தான் இருந்தது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வீட்டு முற்றத்துக்கு உரியதல்ல என்பதால் மறுத்தேன். மூன்று இணைதிறன் குரோமியத்தில் வரும் வெளிர்நீலக் காப்பு வாங்கினோம். மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடி முக்கி, கழுவி, காப்புக் கரைசலில் 40 நொடி. நிறம் அவருக்கு ஏமாற்றம்தான்.

அடையாளம் இல்லாத போல்ட்டுகளை, காப்பில் முக்குவதற்கு முன், இனி சமையலுக்கு எடுக்கப் போவதில்லை என்று முடிவான ஒரு பழைய ஓவனில் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தோம். மென்மையான எஃகுக்கு இது தேவையில்லை. வாஷர்கள் உடைந்த பிறகு எல்லோருக்கும் பயம் இருந்தது, பயத்துக்கு மரியாதை கொடுத்தோம் என்பதே சரி.

என் தவறு ஒன்றையும் எழுதவேண்டும். கடைசிக் கழுவலுக்கு என்ன தண்ணீர் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார்கள். அந்தப் பகுதியில் அது உப்பு. முதல் நாற்பது போல்ட்டுகளில் ஒரு மாதத்துக்குள் புள்ளி புள்ளியாக வெள்ளை படிந்தது. பிறகு கடைசிக் கழுவல் கேன் தண்ணீரில்.

பருவமழைக்குப் பின்

ஜூன் மாதம் வண்டியைக் கூட்டினார்கள். ஸ்பிரிங் வாஷர்கள், நட்டுகள் அனைத்தும் புதிது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மூவரோடும் உட்கார்ந்து கீழிருந்து மேல்வரை பார்த்தேன்.

பெரும்பாலானவை மங்கியிருந்தன, துருப்பிடிக்கவில்லை. ஸ்பேனர் கீறிய தலை மூலைகளில் வெள்ளைப் பூப்பு. இரும்பு தெரிந்த கீறல்களிலும் சிவப்பு இல்லை. பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கிறது. ஒன்பது போல்ட்டுகளில் மட்டும் சிவப்புத் துரு. ஒன்பதும் முதலிலேயே ஆழமாகக் குழி விழுந்தவை. சல்பேட் கரைசல் குழிக்குள்ளும் இடுக்குக்குள்ளும் சரியாகப் பூசாது. மின்சாரம் மேட்டைத் தேடிப் போகும், பள்ளத்தைத் தவிர்க்கும். அவற்றை நான் தொட்டிக்கே அனுப்பியிருக்கக் கூடாது. இதே காரணத்தால்தான் நட்டுகளையும் பூசவில்லை: உள் மரையில் கிட்டத்தட்ட எதுவும் படியாது.

ஷெட்டின் ஜன்னல் கம்பியில் ஆறு போல்ட்டுகளைச் சோதனைக்குக் கட்டியிருந்தோம். பூசாத இரண்டும் முதல் வாரத்திலேயே பழுப்பு. காப்பில்லாத துத்தநாகம் மூன்றாம் வாரத்தில் வெள்ளை. காப்பு பூசிய இரண்டு ஜனவரி வரை நின்றன.

ஸ்பிரிங் வாஷர் எதுவும் உடையவில்லை.

மாற்ற வேண்டியவை

இன்னொரு வண்டிக்குச் செய்வதானால், கழற்றும் நாளிலேயே மூன்று டப்பா. வாளியைத் தொடுவதற்கு முன் அது முடியவேண்டும். குழி விழுந்ததும் மரை தேய்ந்ததும் அங்கேயே கழியும். தொட்டிக்குப் போகும் எண்ணிக்கை இன்னும் குறையும், வேலையும் பாதியாகும்.

கடையில் கிடைக்கும் அளவுள்ள போல்ட்டுக்கு முலாம் பூசி நேரத்தைச் செலவிடமாட்டேன். இந்த 137-இல் பாதியளவு வாங்கியே முடித்திருக்கலாம். வீட்டுத் தொட்டிக்கு நியாயம் செய்பவை வேறு: பானெட் கீலின் தோள் போல்ட், கண்ணாடி ஏற்றும் பொறியின் சிறு தாங்கிகள், விசித்திர நீளத்தில் இருந்த ரேடியேட்டர் ஸ்டட்டுகள். இவை புதுப்பேட்டையிலும் அகப்படவில்லை.

பழைய வண்டியின் போல்ட்டில் முன்பு காட்மியம் பூசியிருக்கவும் கூடும், கண்ணால் பிரித்தறிய முடியாது. வயர் சக்கரத்தில் உலர்ந்தபடி தேய்த்ததைத் தவிர்த்திருக்கவேண்டும். முகமூடி போட்டிருந்தார்கள், அது போதாது. அடுத்த முறை தண்ணீரில் நனைத்து, கையால்.

வேலை முடிந்தபின் எட்டு லிட்டர் கரைசல் மீந்தது. செடிக்கு ஊற்றலாமே, வயலுக்குப் போடுவதுதானே என்று உரிமையாளர் கேட்டார். வயலுக்குப் போவது ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அளந்து. இது ஒரு வாளியிலேயே இரண்டு கிலோ. சாக்கடையில் விட்டால் மீன்களுக்குக் கேடு. மூடி போட்ட கேனில், பெயரும் தேதியும் எழுதி, அடுத்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வினிகர் கரைசலில் மட்டும் சலவை சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் தாள் 9-ஐத் தாண்டும்வரை கலக்கி, படிந்த வெள்ளை வண்டலை வடித்து உலர்த்தினார்கள். படகுக் கட்டியின் காட்மியமும் அதில்தான் இருக்கும். ஆகவே அதைக் குப்பையில் போடவில்லை. துத்தநாகத் தகடு கொடுத்த பட்டறைக்காரர், தன் கழிவோடு சேர்த்து அனுப்பிவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.